ஒரு சதுர அடி

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி
சாம்பல் லாரிகளுக்கு வழிவிட்டு நடந்தால்
கொசஸ்தலை ஆறு
முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருக்கும்.
ஆறு நிற்குமா என்று கேட்காதீர்கள்.
வந்து பாருங்கள்.

என் கையில் ஒரு சட்டம்.
பிளம்பிங் கடையில் வாங்கிய பிவிசி குழாய் நான்கு துண்டு,
நான்கு முக்கு,
உள்ளே ஒரு சதுர அடி காலி.
கண்ணை மூடிக்கொண்டு வீச வேண்டும்.
விழுந்த இடத்தில் சேற்றைக் கிளறிச் சலித்து
எண்ணி எழுத வேண்டும்.
நாளைக்கு எழுநூறு ரூபாய். ரயில் காசு தனி.

மூன்று வருடம் முன்பு இங்கே எழுதிய தாள்
இன்னும் பையில் கிடக்கிறது, உப்புப் பூத்து.
மஞ்சள் மட்டி நாற்பது.
கிழங்கான் குஞ்சு.
பெயர் தெரியாத புழு: ‘சிவப்பு’ என்று குறித்திருக்கிறேன்.
இன்னொரு புழு: ‘சிவப்பில்லை’.
எண்ணிக்கொண்டிருக்கும்போதே
சட்டத்தைத் தாண்டி நடந்துவிட்ட நண்டை
அரை என்று போட்டு, பிறகு அடித்திருக்கிறேன்.
இரண்டு பாதம் நிற்கிற இடத்தில்
இருபத்திரண்டு பெயர்கள்.

இன்று
காக்கா ஆழி.
காக்கா ஆழி.
கறுப்பாய், கட்டைவிரல் நகமளவு,
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நார்விட்டுப் பின்னி
சேற்றின்மேல் தார் போட்டதுபோல.
எந்தக் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டி வந்ததோ.
எண்ணினேன். அறுநூற்றுப் பதினான்கு.
கீழே புழு இல்லை.
புழுவுக்கு மூச்சுவிட வழியில்லை.

போனில் மேனேஜர் மகிழ்ந்துபோனார்:
“அறுநூறா! ஆறு தேறிடுச்சு போலயே.”

எண்ணிக்கை என்ற கட்டத்தில் 614.
வகை என்ற கட்டத்தில் 1.
பேனாவின் ஒரே கீறல்.
பிழையென்று யாரோ அடித்ததுபோல் இருந்தது.

எதிரே தேசம்மா
பறியைப் பல்லில் கடித்தபடி
கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தாள்.
இறாலுக்கு அவளிடம் கண் வேலை செய்யாது,
விரல்தான்; விரலுக்கும் முன்னால் பாதம்.
மெத்தென்றால் வெள்ளை இறால்,
பிசுபிசுத்தால் கருப்பு,
குத்தினால் கெளுத்தி, ஒதுங்கிக்கொள்.
இப்போது எங்கே கால் வைத்தாலும்
ஆறு சொல்வது ஒன்றுதான்: வெட்டு.
மகன் ரப்பர் பூட்ஸ் வாங்கித் தந்திருக்கிறான்.
“காலுக்கு நல்லதுதான். ஆனா குருடாயிட்டேன்.”

நம் பேச்சில் ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தால்?
கடன் கேட்க, வையப் பழிக்க,
பிள்ளையைத் தூங்கவைக்க, சாவு சொல்லி அனுப்ப
சரி சரி சரி சரி
அறுநூற்றுப் பதினான்கு முறை.
சத்தத்துக்கு ஒன்றும் குறைவிருக்காது.

போன மழைக்கு மணலிப் பக்கம்
தெருவில் படகு விட்டார்கள்.
அந்த வெள்ளம் கடலைத் தேடி வருகிற வாசல் இது.
புழு துளைத்து, நண்டு வளைபோட்டு,
கண்டல் வேர் கோதிவிட்டு
இத்தனை காலம் இளகிக் கிடந்த சேறு
ஓடு ஓடாய் மேடேறி நிற்கிறது.
அவை பார்த்த வேலைக்கு
யாரும் டெண்டர் விட்டதில்லை,
அதனால் நின்றுபோனதும் யாருக்கும் தெரியவில்லை.

“இங்க பாரு.”
சட்டத்துக்கு இரண்டு முழம் தள்ளி
தேசம்மா உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மட்டி.
உயிரோடு, வாயை இறுக மூடிக்கொண்டு.
“சட்டத்தக் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போடேன்.”
விழுந்த இடத்தில்தான் இருக்கணும், விதி, என்றேன்.
“ஆமா. சட்டம் எப்பவும் வேற எடத்துலதான் வுழும்.”

பறியில் போடுவாள் என்று நினைத்தேன்.
பூட்ஸைக் கழற்றினாள்.
வெறும் பாதத்தால் வெகுநேரம் துழாவி
இன்னும் இளகலாய் ஓர் இடம் கண்டு
மட்டியை உள்ளே வைத்துக்
குதிகாலால் மெல்ல அழுத்தினாள்.
தண்ணீரில் கொஞ்சம் ரத்தம் கலங்கிப் போனது.

தாளின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
பென்சிலால் பெயரை மட்டும் எழுதினேன்.

திரும்புகிற ரயிலில் பார்த்தேன்,
என் விரல்களிலும் சின்னச் சின்ன வெட்டு.
எத்தனை என்று
எண்ணவில்லை.